பாண்டிக்கு ஒரே ஒரு டிக்கெட்

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா பார்த்தவர்களுக்குப் புனிதவதியாரின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்கால் அம்மையார் என்று அறியப்படும் அவர் அந்தக் கதையில் இரண்டு முறை ஊரை விட்டுக் கிளம்புகிறார். தலையால் நடந்து கைலாயம் போன பயணத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அதற்கு முந்தைய பயணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாம்பழ அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போகிறான். பொருள் ஈட்டித் திரும்பியவன் பாண்டிநாட்டு ஊரொன்றில் தங்கி, வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். சேதி காரைக்காலுக்கு வந்ததும் சுற்றத்தார் என்ன செய்தார்கள்? புனிதவதியைச் சிவிகையில் ஏற்றினார்கள். தோழிமார் சூழ, உறவினர் உடன் நடக்க, கணவனிடம் கொண்டு சேர்க்கப் புறப்பட்டார்கள். வணிகர் வீட்டுப் பெண், இளம் வயது, அழகி. அப்படிப்பட்டவள் வெளியூர் போக அதுதான் வழி: பல்லக்கு, ஆள் துணை, ஊர் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணம்.

கணவன் புது மனைவியோடும் குழந்தையோடும் காலில் விழுந்த பிறகு அவர் இந்தத் தசையை எடுத்துக்கொள் என்று இறைவனிடம் வேண்டுகிறார். பேய் வடிவம் வருகிறது. அடுத்த பயணம் தனியாகத்தான். பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள் என்கிறார் சேக்கிழார். யாருக்கு நான் எப்படித் தெரிந்தால் என்ன என்று அம்மையார் பாட்டுக்கு நடக்கிறார். பக்திப் பொருளைப் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பயணக்கதையாக மட்டும் படித்தால், அழகும் இளமையும் கணவனும் கழன்ற பின்தான் அந்தப் பெண்ணிடம் ‘யாரோடம்மா போறே?’ என்று கேட்க ஆளில்லாமல் போனது.

எங்கள் ஊர் இந்த விதியை வெகுகாலம் காப்பாற்றியது. அறுபது தாண்டிய ஆத்தா வேளாங்கண்ணிக்குத் துணிப்பையோடு தனியாகப் போகலாம். நாகூர் கந்தூரிக்குப் போய் இரவு தங்கியும் வரலாம். வயசான கட்டை, போய்ட்டு வரட்டும். இருபத்தைந்து வயது மகள் மாயவரம் போய்த் துணி எடுக்க வேண்டுமென்றால் தம்பி கூடப் போக வேண்டும். தம்பிக்குப் பதினோரு வயதாக இருந்தாலும் சரி. வழியில் ஏதாவது ஆனால் அவன் என்ன செய்வான் என்று யாரும் யோசித்ததில்லை.

இத்தனைக்கும் காரைக்கால் உலகம் சுற்றிய ஊர். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்தச் சிறு நிலத்திலிருந்து சைகோனுக்கும் ரீயூனியனுக்கும் கப்பல் போனது. 1853-ல் மார்த்தினிக் தீவில் முதல் தமிழ்க் கூலிகளை இறக்கிய கப்பலின் பெயர் ‘ஒரேலி’. அடுத்த ஆண்டு அதே பெயர்க் கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுபோனது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்தில், கப்பலேற்றும் ஆண்களுக்கு இத்தனைக்கு இத்தனை பெண்கள் இருந்தாக வேண்டும் என்று விகிதம் வேறு போட்டார்கள். காவிரிக் கழிமுகத்துப் பஞ்சத்திலும் கடனிலும் வீடிழந்த பெண்கள் அந்தக் கணக்கை நிரப்பினார்கள். கப்பலுக்கு ஆள் குறைந்தபோது அவர்களிடம் துணைக்கு யார் என்று எவரும் கேட்கவில்லை.

கரையிலும் அப்படித்தான். காரைக்கால் மேட்டிலும் கிளிஞ்சல் மேட்டிலும் மீனவப் பெண்கள் விடிவதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திருநள்ளாறு, அம்பகரத்தூர் பக்கத்துத் தெருக்களில் தனியாக நடந்து கூவி விற்றுவிட்டுத் திரும்புவார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களும் விடியலில் கிளம்புகிறவர்கள்தான். ஆகவே, பெண் தனியாகப் போகக்கூடாது என்பது ஊர் முழுவதற்குமான சட்டமாக இருந்ததே இல்லை. திண்ணை வைத்த வீடுகளின் சட்டம் அது. ஆனால், வேலை எதுவுமில்லாமல், பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மட்டும் ஒரு பெண் போகக்கூடாது என்பது எல்லா வீட்டுக்கும் பொது. மீன் கூடையோடு நாலு ஊர் போய்வருகிற அதே அம்மாள், கூடையில்லாமல் பாண்டிக்கு பஸ் ஏறியிருந்தால் குப்பமே எதற்கென்று கேட்டிருக்கும்.

பாண்டி என்று சொன்னேன். புதுச்சேரியை எங்கள் ஊரில் வேறு எப்படியும் யாரும் சொல்வதில்லை. தலைநகரம் எங்களுக்கு நூற்று முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. 1898-ல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. அதில் ஏறிப் பேரளம், பிறகு மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என்று சுற்றி, 1879-லேயே போட்டிருந்த விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையில் இறங்க வேண்டும். பிரெஞ்சு மண்ணில் ஏறி, வெள்ளைக்காரன் சீமையைக் கடந்து, மறுபடி பிரெஞ்சு மண்ணில் இறங்குகிற பயணம். சுங்கச் சோதனை உண்டு. 1947-க்குப் பிறகு, 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவோடு சேரும்வரை, அந்தக் கெடுபிடி இன்னும் கூடியது. மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டுகிற இடத்தில் வீட்டுப் பெண்ணைத் தனியாக நிற்க வைக்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்? துணைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமாகவும் பட்டது. சுங்கச் சாவடி போன பிறகும் துணை போகவில்லை என்பதுதான் கதை.

பாண்டிக்குப் போக அந்நாளில் நாலைந்து காரணங்கள் இருந்தன. கோர்ட்டு, பத்திரம், ஆஸ்பத்திரி, சர்க்கார் பைல், பிரெஞ்சுப் பென்ஷன். சொல்தா வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சொல்தா என்போம். அவர் போன பின் விதவைக்குப் பென்ஷன் வரும். ஆனால் உயிரோடு இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். அதற்காகத் துணைத்தூதரகத்துக்கு மகனோ மருமகனோ கூட்டிப்போவான். தான் உயிரோடு இருப்பதைச் சொல்லவும் பக்கத்தில் ஒரு ஆம்பளை நிற்க வேண்டியிருந்தது.

இப்படிப் போன பெண்கள் பாண்டியில் என்ன பார்த்தார்கள்? என் அத்தை ஒருவர் வருஷம் தவறாமல் போய்வந்தவர். கடற்கரைச் சாலை எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. முத்தியால்பேட்டையில் உறவுக்காரர் வீடு. பஸ்ஸில் இறங்கியதும் அங்கே போக வேண்டும். போனால் சும்மா உட்கார முடியுமா? முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பார், வீட்டுக்காரிக்கு அரைத்துக் கொடுப்பார், அவள் மாமியார் புராணத்தைக் கேட்பார். மறுநாள் ஆபீஸ் வேலை முடிந்ததும் மதிய பஸ். தங்க இடம் கொடுத்த வீடு காவலும் காத்தது. என்ன புடவை கட்டி வந்தாள், எத்தனை மணிக்கு வெளியே போனாள் என்ற விவரமெல்லாம் அவர் ஊர் திரும்புவதற்குள் கடிதமாகவோ வாய்ச்சொல்லாகவோ வந்து சேர்ந்துவிடும். உறவுக்காரர் வீடு வேண்டாமென்றால் லாட்ஜ். தனியாக நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் மேனேஜர் சாவிப் பலகையைப் பார்க்காமலேயே ‘ரூம் இல்லைங்க’ என்பார். ஓடிவந்தவளோ, உயிரை விட வந்தவளோ, போலீஸ் தொல்லை நமக்கெதற்கு என்ற கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. 1962 ஆகஸ்டில் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்துப் பையன்களுக்குக் கல்யாணச் சந்தையில் தனி விலை. எங்கள் தெருவிலிருந்த ஓர் அக்காவை அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதலில் போய்விட, காகிதமெல்லாம் வந்தபின் அக்கா தனியாக விமானம் ஏறிப் பாரிஸ் போனார். அதுவரை நாகப்பட்டினத்துக்குத் தனியாகப் போனவரில்லை. நடுவில் விமானம் மாறவேண்டும், பாஷை தெரியாது. ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போகலாம், ஏனென்றால் அந்த முனையில் கணவன் நிற்கிறான். அடுத்த ஊரில் கடல் பார்க்கப் போகக்கூடாது. பல்லக்குக்குப் பதில் விமானம், அவ்வளவுதான்.

என் வயதுக்காரிகளுக்குப் பாண்டி அறிமுகமானது படிப்பால். யூனியன் பிரதேசத்துக் கல்லூரி இடங்களுக்கு ‘சென்டாக்’ கலந்தாய்வு வந்தபின் பிளஸ் டூ முடித்த காரைக்கால் பெண்கள் அப்பாவோடு பிள்ளைச்சாவடிக்குப் போனார்கள். கோப்பு கையில், டிபன் பாக்ஸ் பையில், அப்பா பக்கத்தில். இடம் கிடைத்தவர்கள் ஹாஸ்டலில் தங்கினார்கள். முதல் வருஷம் கூட்டிவர ஆள் வரும். இரண்டாம் வருஷம் பஸ் ஏற்றிவிட ஆள் வரும். மூன்றாம் வருஷம் அவளே வருவாள். துணை என்கிற வழக்கத்தை முறித்தது யாருடைய மேடைப்பேச்சும் இல்லை. வாராவாரம் லீவு போட முடியாத அப்பாக்கள்தான். இப்போது அந்தக் கலந்தாய்வும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. மறுபக்கம், 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. திருவேட்டக்குடிக்கு வந்தது, ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் காரைக்காலில் நடக்கிறது. தெலுங்கும் இந்தியும் பேசுகிற பெண்கள் ஒற்றைப் பெட்டியோடு எங்கள் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பேரம் பேசுவதைக் கடைத்தெரு தினமும் பார்க்கிறது. ஊர்ப் பெண்களுக்கு அது ஒன்றும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் ஆட்டோக்காரர்களுக்குப் பழகிவிட்டது. அது சின்ன விஷயமில்லை.

ரயிலைப் பற்றி ஒன்று. பேரளம் பாதையை 1980-களில் மூடினார்கள். நாகூர் வழியாக 2011-ல் மறுபடி ரயில் வந்தது. பழைய பேரளம் பாதையையும், சுமார் 23 கிலோமீட்டர், அண்மையில் அகலப்பாதையாகப் போட்டிருக்கிறார்கள். இரவு எழும்பூர் வண்டியில் தனியாகப் போகிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியது: தொலைதூர விரைவு வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் ஒதுக்கீடு இருக்கிறது. வயசு வரம்பில்லை. பதிவு செய்கையில் பொது ஒதுக்கீட்டை மாற்றி ‘லேடீஸ்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பலருக்கு இது தெரியாமலே இடம் இல்லையென்று திரும்புகிறார்கள்.

பாண்டிக்கு பஸ்தான். நான் அங்கே எந்த வேலையுமில்லாமல், இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியது நாற்பது கடந்த பின். டிக்கெட் போடும்போதே செயலியில் பெண் உட்கார்ந்த இடம் இளஞ்சிவப்பில் தெரிந்தது. முன்பு கண்டக்டர் செய்த வேலை அது. ‘அண்ணே, அந்தப் பக்கம் மாறிக்குங்க, இங்க லேடீஸ் உட்காரட்டும்’ என்று பஸ்ஸையே கலைத்து அடுக்குவார். இப்போது அடுக்கி வைத்தபடிதான் வருகிறது.

காரைக்கால் தாண்டிப் பூவம், அப்புறம் நண்டலாறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. போலீஸ்காரர் ஏறினார். மேலே இருந்த பைகளைத் தட்டிப் பார்த்தார். பாட்டில் சத்தம் வருகிறதா என்று பார்க்கிற தட்டு அது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கைத் தேடினார்கள், இப்போது குவார்ட்டரைத் தேடுகிறார்கள். என் பையைத் தொடவில்லை. ‘எங்கம்மா?’ என்றார். பாண்டி என்றேன். ‘ஆஸ்பத்திரிக்கா?’ தனியாகப் பாண்டி போகிற பெண்ணுக்கு அவர் மரியாதையாக ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். சும்மா சுத்திப் பார்க்க என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் சீட்டு அம்மாள் மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தரங்கம்பாடி வருவதற்குள் கேட்டும்விட்டார்: வீட்டுக்காரர் வரலையா, பிள்ளைங்க எத்தனை, அங்க யார் வீட்டுல எறங்குவே? வெறுப்பில் கேட்கவில்லை. பதில் கிடைக்காவிட்டால் அவருக்கு முறுக்கு இறங்காது.

தங்கின இடம் ஆம்பூர் சாலை வாய்க்காலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன விடுதி. ஆதாரைக் காட்டினேன், படம் பிடித்துக்கொண்டார்கள், சாவி வந்தது. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார் வரவேற்பில் இருந்த பெண். இந்த ஒரு கேள்விக்கு நான் மனசுக்குள் எத்தனை பதில் தயாரித்து வந்திருந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த அறையில் புனேயிலிருந்து தனியாக வந்த இருபத்துமூன்று வயதுப் பெண். அவளுக்கு இது எத்தனையாவது ஊரோ. தமிழ்நாட்டில் ‘தோழி’ விடுதிகள் என்று வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசே நடத்துகிறது. அவற்றில் ஒரு நாள், இரண்டு நாள் கணக்கிலும் இடம் கொடுக்கிறார்கள். தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போக நினைக்கிறவர்கள் அதையும் விசாரிக்கலாம்.

நகரம் என்ன காட்டியது? சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. நடுச்சாலையில் நடக்கலாம். காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்து, பழைய கலங்கரை விளக்கம் தாண்டி, போர் நினைவுச்சின்னத்தில் உட்கார்ந்தேன். கரையில் பெரும்பாலும் கருங்கல். துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப்போய்க் கல் கொட்டினார்கள். மணல் வேண்டுமென்றால் எங்கள் காரைக்கால் கடற்கரைக்குத்தான் வரவேண்டும். இதை அங்கே ஒருவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வீடு. 1908-ல் அந்த மனிதரும் இந்த ஊருக்குத் தனியாகத்தான் வந்தார்; குடும்பம் பின்னால் வந்தது. ஆண் என்பதால் யாரும் அதைத் தனிப்பயணம் என்று சொல்வதில்லை. அங்கிருந்து 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம். உட்கார்ந்து பேப்பர் படித்தேன். வீட்டில் நான் பேப்பர் படிப்பது மத்தியானம் மூன்று மணிக்கு, எல்லாரும் படித்து மடிப்புக் கலைந்தபின்.

சாப்பாடுதான் சிரமம். நேரு வீதிப் பக்கத்தில் மத்தியானக் கூட்டத்தில் நாலு பேர் மேசையில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். சர்வர் நாலு இலை போட வந்தார். ஒருத்தர்தான் என்றேன். மூன்று இலையைத் திரும்பச் சுருட்டினார். சுற்றி யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் பத்து வாய் பார்க்கிறார்கள் என்றே பட்டது. அப்பளம் இரண்டாவது கேட்கிற அளவுக்குத் தைரியம் வந்தபோது சாப்பாடு முடிந்துவிட்டது.

கைபேசி பாட்டுக்கு அடித்தபடி இருந்தது. இருக்கிற இடத்தை வீட்டுக்கு நேரடியாகக் காட்டும் வசதியைக் கிளம்பும்போதே போடச் சொல்லியிருந்தார்கள். வாய்க்காலைத் தாண்டியதும் மகனிடமிருந்து ‘அங்க என்ன?’ என்று செய்தி. முத்தியால்பேட்டை உறவுக்காரர் வீடு இப்போது கைப்பைக்குள் வந்துவிட்டது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான், இரவில் ஒரு தெம்பு. ஆனால் பெண்கள் துணையில்லாமல் போகத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கருவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துணை வேண்டாம் என்று எந்த வீடும் சொல்லவில்லை. கூடவே நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

காரணம் கேட்பது மட்டும் குறையவில்லை. எனக்குத் தெரிந்த காரைக்கால் பெண்கள், இளம் வயதுக்காரிகளும் சேர்த்து, வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற காரணங்கள்: தேர்வு, இன்டர்வியூ, சிநேகிதி கல்யாணம், மணக்குள விநாயகர் வேண்டுதல். வேண்டுதல் மிகவும் பயன்படுகிறது. திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை தனியாக வருகிற வெளியூர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே சனி தோஷமோ, அந்தச் சனீஸ்வரனுக்குத்தான் வெளிச்சம். சம்பாதிக்கிற பெண்ணுக்குக் கேள்வி கொஞ்சம் குறைவு. வீட்டிலிருக்கும் மனைவிக்கு அதிகம்: ‘பார்க்கணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்ல?’ இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அவர் கூட்டிப்போகவும் செய்வார்; கூட்டிப்போய் எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அவரே முடிவும் செய்வார். காரைக்கால் மேட்டு அம்மாளுக்கோ கேட்க ஆளே தேவையில்லை, ஒரு நாள் மீன் விற்காவிட்டால் அடுத்த நாள் முதலுக்குக் காசிருக்காது. தனியாக நகரம் பார்க்கப் போகிற இந்தப் புதுப் பழக்கம் இன்னும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் மகள் நர்ஸிங் படிக்கிறாள். அவள் போவாள் என்று நினைக்கிறேன்.

போவதாக இருந்தால் சனி ஞாயிறு வேண்டாம். பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து அறை வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் மட்டும் ஞாயிறு. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். செவ்வாய் காலை முதல் பஸ் பிடித்தால், வழியில் சிதம்பரத்தில் காபி குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். திரும்புகிற பஸ்ஸை மட்டும் பகலிலேயே பிடித்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கினால், சாராயக் கடைகள் மூடிக் கூட்டம் தெருவில் நிற்கும் நேரம் அது.